ஒன்பது குரலும் ஒரு ட்ராக்கும்

பலகுரல் கலைஞர்னு சொல்லி வாய மூடல, உங்க மூஞ்சி மலர்ந்துருச்சு பாருங்க. அடுத்து என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும் சார். அந்தப் பழைய வில்லன் நடிகர் இருமுவாரே, அத ஒரு தடவ. அப்புறம் ரயிலு. ரயிலு முடிஞ்சா கைக்கொழந்த அழுகுறது. அது முடிஞ்சா நாய்ச்சண்ட. யாரு கேட்டாலும் இதே வரிசதான், ஏதோ பள்ளிக்கூடத்துலயே சொல்லிக்குடுத்த மாதிரி. போன மாசம் கடவாப்பல்லு புடுங்கப் போனேன். டாக்டரு கொறட வாய்க்குள்ள விட்டுக்கிட்டே, "அப்படியே அந்த ரயிலு மட்டும்"ங்கிறாரு.

கெடையாது. இன்னிக்கு ரயிலும் கெடையாது, நாயும் கெடையாது. தொண்டையப் பத்திரமா மதுர வரைக்கும் கொண்டுபோயாகணும். அங்க எனக்குக் குரல் தேர்வு. ராஜபாளையத்துல பஸ் ஏறுனதுலருந்து வெந்நியத் தவிர ஒண்ணும் குடிக்கல. பையப் பாக்குறீங்களா? அது அப்புறம் சொல்றேன். உங்களுக்குத் திருமங்கலம்தானே? நேரம் கெடக்கு. குரல் காட்ட மாட்டேன், ஆனா ஒரு அநியாயத்தச் சொல்றேன், கேளுங்க. சொல்லும்போது நடுவுல ஒண்ணு ரெண்டு ஆளு வந்து போவாங்க. அது தொழில் பழக்கம், கண்டுக்காதீங்க.

எம் பேரு பவுன்ராஜ். நோட்டீஸ்ல 'பலகுரல் மன்னன்'னு போடுவாங்க. மன்னனுக்கு எப்ப மேடை கிடைக்கும் தெரியுமா? திருவிழாவுல ரெக்கார்டு டான்ஸ் ஆடுற புள்ளைங்க பின்னாடி போயி துணி மாத்தும்ல, அந்த இடைவெளியில. அதுங்க துணி மாத்துற வரைக்கும்தான் நம்ம ராச்சியம். ஒரு நடிகர் குரல்ல பாதி வசனம் பேசியிருப்பேன், பின்னாடிருந்து ஒருத்தன் கைய ஆட்டுவான், பாட்டப் போட்டுருவாங்க. மிச்சப் பாதி வசனம் எல்லாம் எனக்குள்ளயே கெடக்கு சார், இத்தன வருசமா. சேந்தா ஒரு அண்டா நெறையும்.

அப்பத்தான் மதுரையில 'காதோரம்'னு ஒரு கம்பெனி. செல்போன்ல காதால கேக்குற கத போடுறவங்க. ஒரு ஊர்ப் பஞ்சாயத்துக் கத, ஒன்பது ஆளு பேசுது. ஒன்பது பேரையும் ஒரே ஆளு பேசணும்னு தேடுறாங்க. எனக்குன்னே செஞ்ச மாதிரி இல்லையா? துணி மாத்துறவங்க யாரும் கெடையாது. முழு வசனமும் பேசலாம். ஒரே ஒரு நிபந்தனதான் வச்சாங்க. ஒவ்வொரு ஆளு குரலும் தனித்தனி ட்ராக்கா இருக்கணும். பண்ணையார் ஒரு ட்ராக்கு, தலையாரி ஒரு ட்ராக்கு, இப்படி.

நான் மேடைக்காரன் சார். பண்ணையார் கேட்டாத்தான் எனக்குத் தலையாரி வரும். தலையாரிய மட்டும் தனியாப் பேசுன்னா எப்படி, குழம்ப ஊத்தாம சோத்தப் பெசைன்னா? ஒரே மூச்சுலதான் பேசுவேன்னேன். எங்க தெரு ஃப்ளெக்ஸ் கடை மாரிக்கண்ணு, "இதுக்கா கவலப்படுறீங்க, ஓசியில ஒரு சாஃப்ட்வேர் இருக்கு"ன்னு லேப்டாப்புல போட்டுக் குடுத்தான். லிண்டுன்னு பேரு. பின்லாந்து பாஷையில பறவையாம். அதுல 'ஆள் பிரி'ன்னு ஒரு பட்டன். நாலு பேரு பேசுன ரெக்கார்டிங்கப் போட்டு அத அமுக்குனா, நாலு ட்ராக்கா பிரிச்சு வச்சிரும்.

ஒன்பது குரலையும் ஒரே மூச்சுல பேசுனேன். பட்டன அமுக்குனேன். கொஞ்ச நேரம் சுத்துச்சு. சுத்திட்டு என்ன சொன்னுச்சு தெரியுமா? 'பேசியவர்: ஒருவர்.'

ஒரு ட்ராக்கு. பண்ணையார், தலையாரி, பண்ணையார் மக, பூசாரி, எல்லாரையும் ஒரே கூண்டுல அடச்சிருச்சு.

சரி, மெஷினுக்குக் காது மந்தம், யாருட்ட சொல்றதுன்னு தேடுனேன். அந்த சாஃப்ட்வேருக்கு மொதலாளியே கெடையாது சார். உலகம் பூராம் ஆளுங்க, பகல்ல அவங்கவங்க வேல, மிச்ச நேரத்துல இத எழுதுறாங்க. உள்ள இருக்குற வேல பூராம் தொறந்தே கெடக்கும். யாரு வேணா பாக்கலாம், யாரு வேணா திருத்தலாம். அதுல தமிழ் எழுத்தெல்லாம் பாத்துக்கிற தம்பி ஒருத்தர், தூத்துக்குடி, ஜெரால்டுன்னு பேரு, துறைமுகத்துல ஏதோ கப்பல் ஆபீசு. நம்பர் புடிச்சுப் பேசுனேன். இருங்க, கண்ணாடி மாட்டிக்கிறேன். இப்பப் பேசுறது ஜெரால்டு.

"அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு. இத ஓசின்னு சொல்லாதீய. இது சுதந்திரம்."

கண்ணாடியக் கழட்டியாச்சு. இப்ப நான். "சரி தம்பி, சுதந்திரத்துக்கு நான் எவ்வளவு குடுக்கணும்?"

மாட்டியாச்சு. "ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"அப்ப ஓசிதானே?"

"இல்ல அண்ணாச்சி. சுதந்திரம்."

இப்படியே போயிக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் கண்ணாடி மாட்டி மாட்டிக் காதே வலிக்குது, அவரு விடல. கடைசியில, "மெஷின் தப்பாச் சொல்லுதுன்னா நீங்களே திருத்தி அனுப்பலாம் அண்ணாச்சி, எல்லாம் தொறந்துதான் இருக்கு"ன்னாரு. எப்படி இருக்கு பாருங்க. சாம்பாருல உப்பு இல்லப்பான்னு சொன்னா, அடுப்படி தொறந்துதான் இருக்கு, நீங்களே போயி உப்பப் போட்டு, வந்தவங்க எல்லாருக்கும் ஊத்திட்டு வாங்கங்கிறான். போயிப் பாத்தேன் சார் நானும். எறும்பு மொச்ச மாதிரி எழுத்து. எங்க உப்பு போடுறது?

சரி, புகாராவது குடுப்போம்னா, அதுக்கு ஊர்க்கூட்டம் மாதிரி ஒரு பக்கம் வச்சிருக்காங்க. யாரு என்ன குறை சொன்னாலும் உலகமே பாக்கும், உலகமே பதில் சொல்லும். நான் ஜெரால்டுகிட்ட முறையா எழுதச் சொன்னேன். 'முப்பது ஆண்டுகளாகக் கலைச்சேவை புரிந்து வரும் பலகுரல் மன்னன் பவுன்ராஜ் ஆகிய நான்'னு ஆரம்பிச்சு ஒரு பக்கம். அந்தத் தம்பி அத இங்கிலீசுல மாத்திப் போட்டாரு. பாத்தா ரெண்டே வரி. மாரிக்கண்ணுகிட்ட வாசிக்கச் சொன்னா, 'ஒருத்தர் குரலை மாத்தி மாத்திப் பேசுறார், ஒரே ஆள்னு வருது'ன்னு இருக்காம். மன்னன எங்கப்பான்னு ஜெரால்டக் கேட்டேன். இங்கிலீசுல மன்னன் வராதுன்னுட்டாரு.

பதில் வந்துச்சு. பிரேசில்காரன் ஒருத்தன், எங்கிட்ட நல்லாத்தானே வேல செய்யுதுங்கிறான். அவங்கிட்ட என் குரலே இல்ல, எப்படிச் செய்யும்? ஜெர்மன்காரன் ஒருத்தன், எந்த மைக்கு, எந்த கம்ப்யூட்டரு, ரூம்ல சன்னல் எத்தனன்னு கேக்குறான். பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்வளவு கேக்க மாட்டான். மூணாவதா ஒருத்தி வந்தா. அந்த 'ஆள் பிரி' பட்டன் ஏன் பச்சையா இருக்கு, நீலமா இருந்தா கண்ணுக்கு நல்லதுன்னா. முடிஞ்சுச்சு. அத்தன பேரும் என்னைய அப்படியே போட்டுட்டு பட்டனுக்குப் போயிட்டாங்க. நீலமா, பச்சையா, கொஞ்சம் வெளிறுன நீலமா. எங்க ஊர்ல பாலம் கட்டுறதுக்குக் கூட்டம் போட்டு, கூட்டத்துக்கு வடையா பஜ்ஜியான்னு பேசிக் கலஞ்சாங்க, அந்த மாதிரி. சுதந்திரம்னா இதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

விடுவேனா. எங்க தெருவுல ஆளாளுக்கு அந்தப் பக்கத்துல கணக்கு ஆரம்பிக்க வச்சேன். அயர்ன் கடைக்காரரு, பரோட்டா மாஸ்டரு, மாரிக்கண்ணு, அவன் மச்சினன். எல்லாரும் ஒரே வாசகம், 'பலகுரல் பவுன்ராஜ் அண்ணனுக்கு நீதி வேண்டும்.' வரிசையா விழுந்துச்சு. அப்பத்தான் யூஹா வந்தாரு. யூஹான்னா, பின்லாந்துக்காரரு, இத மொத மொதல்ல ஆரம்பிச்ச ஆளு. மொதலாளி இல்லன்னு சொன்னேன்ல, மொதலாளி இல்ல, ஆனா அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க. கர்ச்சீப்ப கழுத்துல கட்டிக்கிறேன், குளிரு ஊர்க்காரரு. ஜெரால்டு தமிழ்ல சொன்னத அப்படியே சொல்றேன்.

"ஐயா, தயவு செய்து கத்த வேண்டாம். ஆதாரம் அனுப்புங்கள்."

கத்தவே இல்லையே சார், எழுதத்தானே செஞ்சோம்? இருந்தாலும் ஆதாரம்னு கேட்டாரு பாருங்க, அது மரியாதை. சரின்னு உக்காந்தேன். நல்லா ஒரு ரெக்கார்டிங் போட்டேன். அதுக்குத்தான் இந்தப் பையி. பண்ணையாருக்கு கறுப்புக் கண்ணாடி, தலையாரிக்கு துண்டு, பூசாரிக்கு விபூதி, பண்ணையார் மகளுக்கு இந்தா, இந்த சவுரி. மேடையில எப்படிச் செய்வேனோ அப்படியே. ஒவ்வொருத்தரா மாட்டி, கழட்டி, மாட்டி. துண்ட இப்பத் தலையில போட்டுக்கிறேன், இது என் சம்சாரம் செல்லக்கனி. நிலைப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு,

"ஏங்க, யாருக்கு இந்த சவுரி? மைக்குக்கா?"

கலையப் பத்தித் தெரியாதவங்ககிட்ட என்ன பேசுறது? கண்ணாடி மாட்டுனாத்தான் சார் பண்ணையார் வருவாரு. மாட்டலன்னா வர மாட்டாரு.

அனுப்புன அன்னிக்கே ஜெரால்டு போன். "அண்ணாச்சி, நடுவுல நடுவுல 'அடுத்து வருபவர் உங்கள் அபிமான தலையாரி'ன்னு ஒரு அறிவிப்பு வருது. அத எடுத்துருங்க."

"அறிவிக்கலன்னா யாரு வர்றான்னு எப்படிய்யா தெரியும்?"

"அதத்தான் அண்ணாச்சி பாக்கணும்."

சின்ன வயசு. தொழில் தெரியல. சரின்னு அறிவிப்ப எடுத்துக் குடுத்தேன். அதுக்கும் மெஷினு ஒரே பதில்தான். ஒருவர்.

அப்புறம் அவரு ஒரு யோசன சொன்னாரு. மெஷினு சரியா இருக்கான்னு பாக்க, நெசமாவே ரெண்டு ஆளு பேசுறத ரெக்கார்டு பண்ணி அனுப்புங்கன்னாரு. எங்க வீட்ல ரெண்டு ஆளு பேசுறதுக்கு என்ன கஷ்டம்? மைக்க ஆன் பண்ணி வச்சிட்டு, காப்பியில சீனி இல்லன்னேன். அவ்வளவுதான். சீனியில ஆரம்பிச்சு சவுரிக்கு வந்து, சவுரியிலருந்து எங்க கல்யாணத்துக்குப் போயிட்டா. நடுவுல ஒரு எடத்துல, எங்கம்மா பேசுற மாதிரியே பேசுறா. துண்டு தலையிலதான் இருக்கு, இது செல்லக்கனி எங்கம்மாவா பேசுறது, பாத்துக்கங்க.

"எலேய் பவுனு, கட்டுனவ சொல்லுறத ஒரு நாளாவது கேளுலே."

எங்கம்மா தவறி வருசக்கணக்கா ஆச்சு சார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. கையில இருந்த டம்ளர் கீழ விழுந்துருச்சு. காப்பி ஊத்தி வயரு நனஞ்சு, ரெக்கார்டிங் அந்த எடத்தோட நின்னுருச்சு. பக்கத்து வீட்டு அக்கா, "அத்த கொரலு மாதிரி கேட்டுச்சே"ன்னு வேலியத் தாண்டி வந்துருச்சு. அது வேற விசயம், விடுங்க. அந்த ரெக்கார்டிங்கப் போட்டு பட்டன அமுக்குனேன். 'பேசியவர்கள்: மூவர்.'

எனக்குன்னா சந்தோசம். ஜெரால்டுக்கு ஒடனே போனப் போட்டேன். மாட்டுனியா தம்பி, வீட்ல இருந்தது ரெண்டே ரெண்டு பேரு, உன் மெஷினு மூணுங்குது, ஒன்பத ஒண்ணுங்குது, ரெண்ட மூணுங்குது, கணக்கே தெரியாத மெஷின வச்சிக்கிட்டா உலகம் பூராம் திரியுறீங்கன்னு கேட்டேன். கணக்கப் பத்தி அவரு பேச்சே எடுக்கல, வேற கேள்விக்குத் தாவிட்டாரு. தோத்துட்டாருல்ல. கண்ணாடி மாட்டிக்கிறேன்,

"அண்ணாச்சி, அந்த மூணாவது ஆளு யாரு?"

"யாரும் இல்லப்பா. என் சம்சாரம்தான் சும்மா வெளையாட்டுக்கு."

"அக்காகிட்ட கொஞ்சம் போனக் குடுங்களேன்."

அவளுக்கு அடுப்புல வேல கெடக்குன்னு சொல்லிட்டேன். ஒவ்வொருத்தர்ட்டயும் வீட்டுக் கதையா பேசிக்கிட்டு இருக்க முடியும்?

ஆனா அன்னிலருந்து அங்க காத்து மாறிருச்சு சார். எல்லாரும் பட்டன விட்டுட்டு எங்கிட்ட வந்துட்டாங்க. யூஹா அவரே எழுதுனாரு. கர்ச்சீப்பு எங்க, ஆங்.

"ஐயா, உங்கள் பதிவு எங்களுக்கு மிகவும் பயன்படும். இதை எங்கள் சோதனையில் சேர்த்துக்கொள்ள அனுமதிப்பீர்களா?"

சோதனைன்னா என்னன்னு ஜெரால்டு சொன்னாரு. அந்த சாஃப்ட்வேர்ல யாராச்சும் ஏதாச்சும் புதுசா மாத்துனா, வெளிய விடுறதுக்கு முன்னாடி சில ரெக்கார்டிங்க அதுக்குப் போட்டுக் காட்டுவாங்களாம். எல்லாத்துக்கும் சரியான பதில் சொன்னாத்தான் வெளிய போகும். அதுல என் ரெக்கார்டிங்கும் ஒண்ணு. அதக் கேட்டு மெஷினு 'ஒருவர்'னு சொல்லணும். சொன்னாப் பாஸு. ரெண்டு பேருன்னு சொல்லிட்டா ஃபெயிலு, எல்லா வேலையும் நின்னுரும்.

யோசிச்சுப் பாருங்க சார். இந்தக் குரலோட மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டு, அந்தத் தோல்வியவே ஒரு கல்வெட்டா நட்டு வச்சிட்டாங்க. உலகத்துல எந்த மூலையில எவன் அந்த சாஃப்ட்வேரத் தொட்டாலும், மொதல்ல பவுன்ராஜ் உத்தரவு குடுக்கணும். நடுவுல ஒரு தடவ என் ரெக்கார்டிங்குக்கு 'இருவர்'னு வந்துருச்சாம். அவ்வளவுதான், ஆடிப்போயிட்டாங்க. எவனும் வேற வேல பாக்கல, எங்கடா தப்புன்னு தேடுறாங்க. கடைசியில பாத்தா ரெண்டாவது ஆளு எங்க வீட்டு ஃபேனு. கிரீச்சுன்னு ஒரு சத்தம் போடும். ஃபேனுக்குத் தனி ட்ராக்கு குடுத்துருக்கு, பண்ணையாருக்குக் குடுக்கல.

சம்சாரம் ரெக்கார்டிங்கையும் வச்சிருக்காங்களாம், ஒரு ஓரமா. 'தீர்க்க முடியாத பிரச்சனை'ன்னு தலைப்புப் போட்டு. இருக்குறது ரெண்டு பேருன்னு தெரியும், ஆனா மெஷினு மூணுன்னேதான் சொல்லுதாம். எத்தன நாட்டுக்காரன் மண்டைய ஒடச்சும் ஒண்ணும் நடக்கலையாம். நான் ஜெரால்டுகிட்ட சொல்லிட்டேன், தம்பி, கல்யாணம் ஆனதுலருந்து நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவ தீர்க்க முடியாத பிரச்சனதான்னு.

இதுக்கு நடுவுல இந்தக் காதோரம் கம்பெனி. தனித்தனி ட்ராக்கு வரலையேன்னு கேட்டாங்க. எல்லா விவரத்தையும் சொன்னேன், பின்லாந்து வரைக்கும். கேட்டுட்டு, சரிங்க சார், மெஷினு வேண்டாம், நேர்ல வாங்கன்னுட்டாங்க. எப்படித் தேர்வு தெரியுமா? மூணு பேரு எனக்கு முதுகக் காட்டி உக்காந்துருப்பாங்களாம். நான் பின்னாடி நின்னு கதையப் பேசணும். அறிவிப்பு கூடாது. பேசி முடிச்சதும், எத்தன ஆளு பேசுனாங்கன்னு அவங்க சொல்லுவாங்களாம். ஒன்பது வந்துருச்சுன்னா, கத எனக்கு. அதுக்கப்புறம் துணி மாத்துற இடைவெளியில நின்னு பேசுற பொழப்பே வேண்டாம் சார். பாதி வசனத்துல எவனும் கைய ஆட்ட மாட்டான்.

முதுகக் காட்டி உக்காந்தாலும் நான் பையக் கொண்டுபோறேன். அவங்களுக்காக இல்ல, பண்ணையாருக்காக.

கிளம்பும்போது செல்லக்கனி கூட, நானும் வரட்டான்னு கேட்டா. நீ எதுக்கு, உனக்கு அங்க என்ன வேலன்னேன். சும்மாத்தான்னா. பஸ்ஸு கிளம்புற வரைக்கும் சன்னலப் புடிச்சுக்கிட்டு நின்னா.

ஆச்சு, கல்லுப்பட்டி தாண்டிருச்சு. நீங்களே சொல்லுங்க சார், இவ்வளவு நேரம் கேட்டீங்கள்ல. நான் வந்தேன், ஜெரால்டு வந்தாரு, யூஹா வந்தாரு, செல்லக்கனி, எங்கம்மா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆளா வந்து நின்னாங்களா இல்லையா? என்ன சார், சன்னலப் பாக்குறீங்க. ம்? நல்லா இருந்துச்சா. அப்படிச் சொல்லுங்க. கண்ணாடியும் துண்டும் பாத்துக்கிட்டே கேட்ட உங்களுக்கே இப்படின்னா, முதுகக் காட்டிக்கிட்டு வெறும் காதால கேக்குறவங்களுக்கு இன்னும் எடுப்பா இருக்கும். அந்த மூணு பேரும் அசந்து போயிருவாங்க பாருங்க.

யாரும்மா அது, முன் சீட்ல, தோள் குலுங்குது? தூக்குவாளி வச்சிக்கிட்டு, நீங்கதான். ஸ்ரீவில்லிபுத்தூருல ஏறுனதுலருந்து பாக்குறேன், ஒரு தடவ கூடத் திரும்பல. தப்பே இல்லம்மா, திரும்பாமயே சொல்லுங்க. தைரியமாச் சொல்லுங்க.

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. ஜெரால்டு வந்தாரு, வெள்ளக்காரரு வந்தாருன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ஏறுனதுலருந்து ஒரு ஆளு பேசுனதுதான் கேட்டுச்சு. அந்தத் தேர்வுக்கு உங்க வீட்டுக்காரம்மாவையில்ல அனுப்பியிருக்கணும்."